சிவப்புச் சொண்டு

என் வீட்டுக்கு வருகிற எங்கள் ஆட்கள் சப்பாத்தைக் கழற்றியதும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "கதைக்குமோ?"

கதைக்காது என்று சொன்னால் முகம் விழுந்துவிடும். அடுத்ததாக, "அப்ப சீட்டாவது எடுக்குமோ?" என்று ஒரு பகிடி. அந்தப் பகிடிக்கு அவர்களே சிரித்துவிட்டுக் கூட்டுக்குக் கிட்டப் போய் விரலை நீட்டுவார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று "கடிக்கும்" என்பேன். "சும்மா இருங்கோ, கிளி கடிக்குமே" என்று சொல்லிக் கடி வாங்கினவர்கள் நிறையப் பேர். அப்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வரும். அதை மறைக்க மாட்டேன்.

கடைசியாக, கடித்த விரலைச் சூப்பிக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்பார்கள். "உதென்ன கிளி, சொண்டு கறுப்பாயிருக்கு? வருத்தமோ?"

நோய் ஒன்றும் இல்லை. அவற்றின் அலகின் நிறமே அப்படித்தான். ஜெர்மன்காரர் இவற்றைச் சிவப்புவால் கிளி என்பார்கள். தென் அமெரிக்கக் காடுகளில் இருக்கிற சாதி. மைனாவை விடக் கொஞ்சம்தான் பெரிது. முதுகு பச்சை, தலை மண்நிறம், நெஞ்சில் மீன் செதில் மாதிரி சாம்பல் வரிகள், வால் காய்ந்த இரத்தத்தின் நிறம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பறவைகளை எனக்குத் தந்த மிருகக் காப்பகத்தின் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. அதில் வரிசை வரிசையாக இந்தச் சாதிக் கிளிகள்; ஒன்றின் கன்னம் பச்சை, ஒன்றின் காது வெள்ளை, ஒன்றின் தோள் சிவப்பு. ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒவ்வொரு மலைக்கும் ஒரு வகையாம். ஒன்றுக்குக்கூட எங்கள் ஆட்கள் நினைக்கிற மாதிரிச் சிவப்புச் சொண்டு இல்லை. காட்டில் இவை கூட்டமாகத் திரியும், இரவில் ஒரே மரப்பொந்துக்குள் எல்லாம் நெருக்கிக்கொண்டு படுக்கும் என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். "அதனால் ஒன்றைத் தனியே தர மாட்டோம். இரண்டாகத்தான் தருவோம்."

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இடம்பெயர்ந்து போன இடத்தில் பள்ளிக்கூடமே அகதி முகாமாக இருந்தது, பிறகு எங்கே படிப்பது. ஆனால் பயம் வந்தால் நான் வாசிப்பேன். இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதும் பயத்தில் படித்ததுதான்: அகதி அலுவலகக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாள். கிளிகள் வந்த பிறகு அவற்றைப் பற்றியும் அப்படித்தான் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பயம் கூடியது. இவற்றின் சுவாசப்பை அவ்வளவு மெல்லியதாம். ஒட்டாத சட்டி காய்ந்து கருகினால் அந்தப் புகையே போதுமாம். அன்றைக்கே குசினியில் இருந்த ஒட்டாத சட்டிகள் எல்லாவற்றையும் எறிந்தேன். மிளகாய் பொரிக்கும்போது கிளிகள் இருக்கிற அறையைப் பூட்டி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாய் வைத்தேன். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி பல்கனிக்குப் போனது. என் மனுசன் அதைப் பொறுக்காமல், "சாமிக்கே புகை இல்லாமல் பண்ணிப்போட்டீர்" என்றார். மேல்பக்கம் சாய்ந்து திறக்கிற ஜன்னலின் இடுக்கில் பறவை நசிந்துபோகுமாம்; அது சாய்ந்து திறந்திருக்கிறதா என்று வேலைக்குப் போகும்போது படியில் பாதி இறங்கித் திரும்பி வந்து பார்ப்பேன். அடுப்பையும் பார்ப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள். எனக்கு அது தெரியும். ஊரே எனக்கு அதைச் சொல்லியிருக்கிறது.

காப்பகத்துப் பெண் வீட்டைப் பார்க்க வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அகதி விசாரணைக்கு முன்னம் பயந்த மாதிரிப் பயந்தேன். கதிரைக் கால்களைக்கூடத் துடைத்தேன். அவள் அறையைப் பார்த்தாள், கூட்டை அளந்தாள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள். விற்கக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இதையெல்லாம் யார் செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்கள்தான் செய்தார்கள்.

என் மனுசனின் அக்கா எனக்கு மச்சாள். நாங்கள் இருக்கிற இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரத்திலேயே, எங்களிடமிருந்து டிராமில் கொஞ்சத் தூரத்தில் இருக்கிறா. என் மனுசனை இந்த நாட்டுக்கு எடுத்ததே அவதான். அதனால் அவ சொல்வது எங்கள் வீட்டில் சட்டம். அதை எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். அவவின் மகள் பெரியபிள்ளையாகி, தண்ணி வார்ப்பு வீட்டில் சுருக்கமாக முடிந்திருந்தது. சாமத்தியவீட்டுச் சடங்கை நவம்பரில் மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்வது என்று முடிவு. எங்களுக்குள் இப்போது இது ஒரு போட்டி. ஒரு குடும்பம் பிள்ளையை ஓடம் மாதிரிப் பல்லக்கில் தூக்கி வந்தது. இன்னொரு குடும்பம் மேடையில் வெள்ளைப் புறாக்கள் பறக்கவிட்டது. மச்சாளுக்குப் புறாவை வெல்ல வேண்டும். பிள்ளைக்கு மீனாட்சி அம்மன் வேடம், தோளில் ஒரு கிளி என்று வீடியோக்காரர் யோசனை சொன்னாராம். அப்போது அவவுக்கு எங்கள் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

போன் எடுத்தா. "உங்கட கிளி வீட்டில சும்மாதானே இருக்கு. ஒரு நாளைக்குத் தாரும்."

"ஏலாது மச்சாள். சனத்துக்குள்ள கொண்டுபோனா பயந்துபோம். மேடையில புகை விடுவினம், அதுகளுக்குக் கூடாது."

"ரெண்டும் வேண்டாம், ஒண்டு காணும்."

"ஒண்டைப் பிரிச்சா மற்றது கத்தும். சாப்பிடாது."

மறுபக்கத்தில் ஒரு சிரிப்பு. "உமக்கு உம்மட புருசனை இரவு வேலைக்கு அனுப்பிப்போட்டு நிம்மதியா நித்திரை கொள்ளேலுது. கிளிக்கு மட்டும் ஏலாதோ?"

எனக்குப் பதில்கள் எப்போதும் பிந்தித்தான் வரும், பாத்திரம் கழுவும்போது. "ஏலாது மச்சாள்" என்று இன்னொரு தரம் சொன்னேன். "சரி, விடும்" என்று வைத்தா.

அவ "விடும்" என்றால் விடவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். அன்றைக்கே மனுசனிடம் கேட்டேன். "இஞ்சாருங்கோ, அக்கா உங்களிட்டக் கேட்டவவோ?"

"என்னத்தை?"

"கிளியை."

"ஓம், கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "பாப்பம் எண்டனான்" என்றார்.

"பாக்க ஒண்டும் இல்லை. ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"சரி சரி, சொல்லுறன்."

நான் நம்பினேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், இந்த ஒரு இடத்தில் பயப்படாமல் இருந்துவிட்டேன். ஒட்டாத சட்டிக்குப் பயந்தேன், சாய்ந்த ஜன்னலுக்குப் பயந்தேன், சாம்பிராணிக்குப் பயந்தேன். காலையில் அவற்றுக்குத் தோடம்பழம் வெட்டி வைக்கிற மனுசனுக்குப் பயப்பட வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

நான் ஹோட்டல் துணிகள் துவைக்கிற தொழிற்சாலையில் வேலை. சாமத்தியவீட்டுச் சனிக்கிழமை காலை வேலைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, குளித்து, சேலை கட்டி, மண்டபத்துக்குப் போவதாகத்தான் பேச்சு. நான் பிள்ளையின் மாமி. மாமிதான் ஆலாத்தி எடுக்க வேண்டும். என் மனுசன் தாய்மாமன், அவர் முதலே போய் நிற்க வேண்டும்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழ்க் கதவைத் திறந்ததுமே கேட்டது. ஆண்கிளியின் சத்தம். ஆள் வந்தால் போடுகிற வரவேற்புச் சத்தம் எனக்குத் தெரியும், பருந்தைக் கண்டால் போடுகிறதும் தெரியும். இது இரண்டும் இல்லை. ஒரே மாதிரி, விட்டு விட்டு, ஒவ்வொரு தரமும் பதிலுக்குக் கொஞ்சம் நிறுத்தி. மேல்மாடிக் கிழவர் படியில் நின்றார். "காலையிலிருந்து இப்படித்தான், ஏதாவது நடந்துவிட்டதா?" என்று கேட்டார். நான் அவரைத் தாண்டி ஓடினேன்.

கூட்டில் அவன் மட்டும். கிளிகளை வெளியே கொண்டுபோகிற பயணப் பெட்டியும் இல்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மூன்றாவதாக எடுத்தார். பின்னால் நாதஸ்வரம், இசைத்தட்டு.

"எங்க அவள்?"

"ஒண்டும் யோசியாதையும். நல்லா இருக்கிறா. ஒரு படம் எடுத்துப்போட்டு நீர் வர முதல் கொண்டந்து வைச்சிடுவம் எண்டுதான் பாத்தனான். கொஞ்சம் பிந்திப்போச்சு."

நான் வர முதல் கொண்டுவந்து வைத்துவிடுவாராம். எனக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிடும், நான் சேலை கட்டிக்கொண்டு சிரித்தபடி போய் ஆலாத்தி எடுப்பேன். அதுதான் திட்டம். வேலை ஜாக்கெட்டோடு, வேலைச் சப்பாத்தோடு, டாக்சி பிடித்தேன். காசு போய்விடும் என்றும் ஓடுகிறவர் எங்கே கொண்டுபோவாரோ என்றும் பயந்து நான் ஒருநாளும் டாக்சி எடுத்ததில்லை.

மண்டபம் டயர் கடைக்குப் பக்கத்தில், முந்தி ஏதோ களஞ்சியமாக இருந்த கட்டடம். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

"இஞ்ச பாரடி, மாமிக்காரி சீலை கட்டாமல் வாறா."

"உதுவும் ஒரு ஃபாஷன்தானாக்கும்."

பன்னீர் என் ஜாக்கெட்டில் விழுந்தது. உள்ளே போனேன்.

மேடையில் பூ ஊஞ்சல். அதில் பிள்ளை, தலை நிமிர்த்த முடியாத அளவுக்கு நகை. கீழே மெஷினிலிருந்து புகை முழங்கால் வரைக்கும் எழும்பிக்கொண்டிருந்தது. பிள்ளையின் வலது தோளில் என் கிளி. கால் ஒரு சரிகை நாடாவால் பிள்ளை மேற்கையில் போட்டிருந்த வங்கியோடு கட்டப்பட்டிருந்தது. சொண்டு சிவப்பாக இருந்தது.

முதலில் இரத்தம் என்று நினைத்தேன். யாரோ கதவில் நசித்துவிட்டார்கள், சொண்டு உடைந்துவிட்டது என்று நினைத்தேன். சனத்தை இடித்துக்கொண்டு மேடையில் ஏறினேன். கிட்டப் போனபோது மணத்தது. நகத்துக்குப் பூசுகிற பூச்சு. அடிவரைக்கும், மூக்குத் துளை வரைக்கும், வழித்துப் பூசியிருந்தார்கள். ஒரு துளை முற்றாக மூடியிருந்தது. அவள் வாய் திறந்தபடி. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. மூச்சு எடுக்க முடியாவிட்டால்தான் அப்படி ஆடும் என்று காப்பகத்துப் பெண் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"ஆர் பூசினது?"

பக்கத்தில் நின்ற அலங்காரக்காரி சொன்னாள்: "அது ஒண்டும் செய்யாது அக்கா. நல்ல விலையான சாமான். கறுப்புச் சொண்டு வீடியோவில காகம் மாதிரித் தெரியுது எண்டவை, அதுதான்."

"அக்கா, கமராவுக்கு முன்னால நிக்கிறியள்" என்றார் வீடியோக்காரர். "கொஞ்சம் தள்ளுங்கோ, ஓடிக்கொண்டிருக்கு."

மச்சாள் ஓடி வந்தா. சனம் பார்க்கிறபடியால் சிரித்த முகம், குரல் மட்டும் பல்லுக்குள்ளால். "சபையில ஆட்டம் போடாதையும். போய்ச் சீலையை மாத்திக்கொண்டு வாரும். ஆலாத்தி எடுக்கோணும்."

"கிளியை அவிழுங்கோ."

"இன்னும் ஒரு படம்."

"மச்சாள், மூக்கை அடைச்சுப் பூசியிருக்கு! செத்துப்போம்!"

"செத்தா வேற வாங்கலாம், உதுக்கு ஏன் குளறுறீர்?"

அந்த வசனத்தை நான் மறக்கவில்லை. அவ கோபத்தில் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் குறைந்தால் போடலாம் என்கிற மாதிரிச் சொன்னா.

நாடாவின் முடிச்சு இறுகியிருந்தது, என் விரலுக்கு அவிழவில்லை. இழுத்தால் அவளின் கால் முறிந்துவிடும். கத்தரிக்கோல் கேட்டேன், யாரும் அசையவில்லை. அப்போது பிள்ளை தானே வங்கியைக் கழற்றினாள். நாடாவோடு, கிளியோடு சேர்த்து என் கையில் வைத்தாள். "மாமி, நான் வேண்டாம் எண்டு சொன்னனான். கேக்கேல்லை. எனக்கும் கண் எரியுது."

பயணப் பெட்டி ஊஞ்சலுக்குப் பின்னால், பலகாரத் தட்டுகளுக்குக் கீழே கிடந்தது. கிளியை உள்ளே வைத்தேன். என் மனுசன் பட்டு வேட்டியோடு, தேங்காய் வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"மிருக டொக்டரிட்டப் போறன். வாறியளோ?"

அவர் வாய் திறக்க முதல் மச்சாள் சொன்னா, "தாய்மாமன் போனா தட்டை ஆர் பிடிக்கிறது?"

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் சட்டைப் பையைத் துழாவிக் கார்த் திறப்பை எடுத்து நீட்டினார். "நீர் போம். நான் முடிச்சுப்போட்டு வாறன்."

எனக்குக் கார் ஓடத் தெரியாது. இவ்வளவு வருசம் என்னோடு வாழ்கிற மனுசனுக்கு அது தெரியும்.

வெளியே குளிரில் ஜாக்கெட்டைக் கழற்றிப் பெட்டியைப் போர்த்தினேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பறவை பார்க்கிற டொக்டரின் இலக்கம் காப்பகத்துப் பெண்ணிடம்தான் இருந்தது. அவளைக் கூப்பிட்டால் ஒப்பந்தத்தை மீறினது தெரிந்துவிடும். இரண்டையும் பறித்துக்கொண்டு போகலாம். கூப்பிட்டேன். என் உடைந்த ஜெர்மனில் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் எதையோ புரட்டுகிற சத்தம் வந்தது. பிறகு பக்கத்து நகரத்தில் ஒரு விலாசம் சொன்னாள். "உடனே போ. நான் அந்த டொக்டருக்குச் சொல்லி வைக்கிறேன்."

டாக்சியில் பெட்டிக்குள் இருந்து சத்தமே இல்லை. வழமையாக அவள் டிராமிலே எல்லோரையும் திட்டிக்கொண்டு வருகிறவள். நான் பெட்டியின் சின்ன ஜன்னலில் கன்னத்தை வைத்து வால் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆடினால் பயம். ஆடாவிட்டால் அதைவிடப் பயம்.

டொக்டர் ஒரு வயதான பெண். பெட்டியைத் திறந்ததும் ஒன்றும் கேட்காமல் அவளை மூச்சுக்கு ஒட்சிசன் விடுகிற பெட்டிக்குள் வைத்தா. மூச்சு ஓரளவுக்கு வந்த பிறகு துவாயில் சுற்றிப் பிடித்து, மெல்லிய ஊசி மாதிரி ஒன்றால் மூக்குத் துளையைத் திறந்தா. மருந்து வைத்துக் கரைக்க ஏலாதாம், அதன் ஆவியே கொல்லுமாம். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்புத் தூள் வெள்ளை மேசையில் விழுந்துகொண்டிருந்தது. சொண்டின் ஓரத்தில் ஒரு துண்டும் அதோடு போனது.

"யார் இதைச் செய்தது? பிள்ளைகளா?"

சாமத்தியவீட்டை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? மீனாட்சியை, புறாவை, மச்சாளை எப்படிச் சொல்வது? "குடும்பம்" என்றேன். அந்தச் சொல் எனக்கு ஜெர்மனில் நன்றாகத் தெரியும். எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிற சொல். டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

திங்கட்கிழமை வரைக்கும் அவளை அங்கேயே வைத்திருக்க வேண்டும், தப்புவாளா என்று இப்போது சொல்ல ஏலாது என்றா. நான் வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் கத்தினான். கூட்டின் ஒவ்வொரு மூலைக்கும் போய்க் கூப்பிட்டு, பதிலுக்கு நிறுத்தி, திரும்பக் கூப்பிட்டான். தோடம்பழம் வெட்டியபடியே கிடந்தது. என் மனுசன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். நான் போய் நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டுறீர்?"

"இருந்து கேளுங்கோ."

"நான் வேணுமெண்டே செய்தனான்? பூசுவினம் எண்டு எனக்குத் தெரியுமே?"

"தெரியாது எண்டுதானே கூட்டிக்கொண்டு போகப்படாது. நான் ஏலாது எண்டு சொன்னது உங்களுக்குத் தெரியும். அது காணும். இருந்து கேளுங்கோ."

இருந்து கேட்டார். பின்னேரம் போன் வந்தது. மச்சாள். கிளியைப் பற்றிக் கேட்கப் போறா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அவ்வளவு மடைச்சி நான்.

"அந்த வங்கி உம்மட்டையே? அது வாடகை நகை, நாளைக்குக் குடுக்கோணும்."

நாடா கட்டினபடியே அது என் ஜாக்கெட் பைக்குள் கிடந்தது. மனுசனிடம் கொடுத்து அனுப்பினேன். அவர் திரும்பி வந்தபோது ஒரு செய்தியும் கொண்டுவந்தார். மாமி ஆலாத்தி எடுக்காமல் போனது பிள்ளைக்குக் கூடாதாம். கடைசி நேரத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தியைப் பிடித்து எடுப்பித்தார்களாம். சனம் என்ன ஏது என்று கேட்டதாம். நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"பாப்பம் எண்டனான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இல்லாவிட்டால் ஏதாவது எறிந்திருப்பேன்.

கிளி தப்பினாள். திங்கள் கூட்டிவந்தபோது மெலிந்திருந்தாள், சொண்டின் ஓரம் காகிதம் கிழிந்த மாதிரி. இடுக்குகளில் இன்னும் சிவப்பு. அதை அவன் கொத்தி எடுத்துத் தின்றுவிடுவான் என்று டொக்டர் பயந்ததால் கொஞ்ச நாள் இரண்டு கூட்டில், பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். காப்பகத்துப் பெண் வந்து பார்த்தாள். பறிக்கவில்லை. "இனி ஒருநாளும் உன் வீட்டுத் திறப்பை யாரிடமும் கொடுக்காதே" என்றாள். நான் தலையாட்டினேன். திறப்பு யாரிடம் இருந்தது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது.

மன்னிப்புக் கேட்க நான் போகவில்லை. நத்தாருக்கும் போகவில்லை, பொங்கலுக்கும் போகவில்லை. கடையில் கண்ட ஆட்கள் கேட்டார்கள்: "ஒரு கிளிக்காகவோ மச்சாளோட கோபம்? விசரே உமக்கு?" ஒருத்தி, "பிள்ளைக்கு நேர்ந்த மாதிரியெல்லோ நிக்கிறீர்" என்றாள். நல்லவர்கள், நாலு பேர் சொல்லுக்கு நடக்கிறவர்கள். மூச்சு எடுக்க ஏலாமல் வாயைத் திறந்தபடி அது அந்த ஊஞ்சலில் இருந்ததை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வடிவாயிருக்கு என்று போனிலும் எடுத்தார்கள்.

வசந்தம் தொடங்கும்போது அல்பம் வந்தது. அம்மிக்கல் மாதிரிப் பாரம், வெல்வெட் பெட்டி. மச்சாள் தன் மகனிடம் கொடுத்து அனுப்பியிருந்தா. இத்தோடு சமாதானம் என்று அர்த்தமாம். என் மனுசன் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். ஆலாத்தித் தட்டோடு யாரோ ஒருத்தியின் முதுகு. தேங்காய்த் தட்டோடு இவர். பிறகு இரண்டு பக்கத்தையும் நிறைத்துக்கொண்டு பிள்ளை, தோளில் கிளி.

அவர் புரட்டுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எழும்பிக் கூட்டடிக்குப் போய் அங்கேயும் பார்த்தார்.

"இது அவள் இல்லை" என்றார்.

நான் கிட்டப் போனேன். உண்மைதான். படத்தில் இருந்தது முழுப் பச்சை. கழுத்தில் ஒரு வளையம், நீள வால், பழம் மாதிரிச் சிவந்த சொண்டு. எங்கள் ஊர்த் தென்னை மரத்தில் இருக்கிற கிளி.

வீடியோக்காரரின் இலக்கத்தை இவரிடம் வாங்கி நானே அடித்தேன். "தம்பி, அந்தப் பெரிய படத்தில இருக்கிற கிளி எங்கத்தையான்?"

"அதோ அக்கா? உங்கட கிளி வாயைத் திறந்துகொண்டே இருந்தது, ஒரு படமும் சரி வரேல்லை. கொம்பியூட்டரில வேற கிளி எடுத்து ஒட்டினனான். தெரியேல்லை, என்ன? சொண்டு எல்லாம் நல்ல கலரா விழுந்திருக்கு."

"உதை முதலே செய்திருக்கலாமே?"

"ஓம், செய்திருக்கலாம். ஆனா உண்மையான கிளி வேணும் எண்டு பிள்ளையின்ர அம்மாதான் நிண்டவ. சனத்துக்குக் காட்டோணுமாம்."

நன்றி என்று சொல்லி வைத்தேன். ஏன் நன்றி சொன்னேன் என்று தெரியாது, பழக்கம்.

என் மனுசன் கூட்டடியிலேயே நின்றார். காதில் விழுந்திருக்கும், நான் ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். கூட்டுக்குள் அவள் கிழிந்த சொண்டால் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்தினாள், தோடம்பழத்துக்காக. அவர்தான் தினமும் கொடுக்கிறவர். யார் தன்னைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனது என்பதை அவள் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்திருக்கிறேன்.

"அல்பத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றேன்.

"அக்கா என்ன நினைப்பா?"

"அதை அங்க போய்க் கேளுங்கோ. நான் மன்னிப்புக் கேக்க வரமாட்டன் எண்டதையும் சொல்லுங்கோ. பாப்பம் எண்டு சொல்லாதையுங்கோ. வரமாட்டாள் எண்டு சொல்லுங்கோ."

அவர் அல்பத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடி, சப்பாத்தைப் போட்டார். ஜன்னலால் பார்த்தேன். வெல்வெட் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தத் தேங்காய்த் தட்டைப் பிடித்த மாதிரியே, காருக்கு நடந்தார்.

திரும்பி வர நேரமாயிற்று. கையில் பெட்டி இல்லை. கண் சிவந்திருந்தது. கதிரையில் இருந்து, "சொல்லிப்போட்டன்" என்று மட்டும் சொன்னார்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை.